கொளஞ்சிக்கு வேணும்

பெரம்பலூர்ப் பக்கத்தில் ‘போதும்’ என்ற சொல்லை யாரும் காதில் வாங்குவதில்லை. வந்து இறங்கிய முதல் காலையிலேயே எனக்கு இது புரிந்துவிட்டது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு இலைக்கு மேலே கையைக் குடை மாதிரி விரித்துப் பிடித்தேன். கைக்கும் இலைக்கும் நடுவில் எப்படியோ மூன்றாவது இட்லி வந்து உட்கார்ந்துவிட்டது. "போதும்ங்க" என்றேன். "மரியாதைக்குச் சொல்றீங்க, தெரியுது" என்று நான்காவதையும் வைத்தார், நான் தங்கியிருந்த வீட்டுக்காரி கொளஞ்சியின் கணவர் ராமசாமி. நான் மரியாதைக்குச் சொல்லவில்லை. வயிற்றுக்காகச் சொன்னேன்.

எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை பட்டாணி. அங்கே மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறேன். எங்கள் ஊரில் ஒருவர் போதும் என்றால் கரண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள், "ஆச்சு" என்றால் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இங்கே "ஆச்சு" என்றால், "என்னத்த ஆச்சு, மொகம் வாடிக் கெடக்கு" என்று தட்டெடுக்க உள்ளே ஓடுகிறார்கள். இரண்டாவது முறை மறுத்தால் கூச்சம் என்கிறார்கள். மூன்றாவது முறை மறுத்தால்தான் உண்மையிலேயே வயிறு நிறைந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறார்கள்.

நான் வந்தது சின்ன வெங்காயத்துக்காக. குன்னம் பக்கத்தில் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வெங்காயக் கம்பெனி, திருச்சி புரோக்கர் ஒருவர் வழியாக எங்கள் கடைக்குச் சரக்கு அனுப்புகிறது. அந்தக் கம்பெனியிலிருந்து என்னோடு பேசுகிறவள் கொளஞ்சி. ஒரு வருடமாகக் குரல் பதிவுகளில்தான் பழக்கம். ஒருமுறை அவசரமாகச் சரக்குக் கேட்டேன். "அக்கா, இங்க மழை பேஞ்சிருக்கு. வெங்காயம் ஈரமா இருக்கு. இப்ப அனுப்ப மாட்டேன், காயட்டும், பொறுங்க" என்று பதில் வந்தது. காசு கொடுத்து வாங்குகிற என்னிடமே மாட்டேன் என்கிறாளே என்று கோபம் வந்தது. கோபம் தணிந்ததும் மரியாதை வந்தது. இவள்தான் அங்கே முதலாளி, தலைவி, எல்லாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதனால்தான் அந்தப் பரிசை வாங்கிப் போனேன். மேசையில் வைக்கிற தேக்குப் பெயர்ப்பலகை. ‘கொளஞ்சியம்மாள், தலைவர்’ என்று தங்க நிறத்தில் எழுத்து வெட்டச் சொல்லி, வெல்வெட் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். இட்லி யுத்தம் முடிந்ததும் எடுத்துக் கொடுத்தேன். ராமசாமி வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். கொளஞ்சி பலகையைத் தொடவே இல்லை.

"நான் தலைவி இல்லீங்கக்கா" என்றாள்.

"பின்னே யார்?"

"தனலட்சுமி அக்கா. நான் சும்மா மெம்பரு. வெங்காயத்தப் பாத்து அனுப்புறது, உங்ககிட்ட பேசுறது, அதுமட்டுந்தான்." கீழே கிடந்த வெல்வெட் பையை மடித்து வைத்துவிட்டு, "வெள்ளிக்கெழம தேர்தல் இருக்கு" என்றாள்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும். கறுப்பு, உயரம், நடக்கும்போது வழியில் கிடக்கும் எதையாவது எடுத்து ஒழுங்காக வைத்துக்கொண்டே நடக்கிறவள். அவளுடைய பெற்றோர் பிறர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவளும் சிறுவயதில் போயிருக்கிறாள். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம், குத்தகைக்குக் கொஞ்சம், மக்காச்சோளமும் வெங்காயமுமாக மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இதையெல்லாம் அவள் பெருமையாகவும் சொல்லவில்லை, சோகமாகவும் சொல்லவில்லை. போன தேர்தலைப் பற்றிக் கேட்டபோதுதான் முகம் மாறியது.

அந்தக் கதையைக் கணவனும் மனைவியும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். போன தடவை தலைவியைத் தேர்ந்தெடுக்க வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருக்கிறார். கூட்டத்தில் எல்லாரும் கொளஞ்சியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அவரும் புரிந்துகொண்டு, "நீங்க இருக்கீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் என்ன சொல்லணும்? ‘எனக்கெதுக்குங்க சார், எவ்வளவோ பெரியவங்க இருக்காங்க’ன்னு சொன்னேன். அப்படித்தானக்கா சொல்லணும்? எடுத்த எடுப்புல சரின்னா அலையுறான்னு சொல்லுவாங்க. ஒரு தடவ வேணாம்னு சொல்லுவோம், ரெண்டாந்தடவ தலைய குனிஞ்சுக்குவோம், மூணாந்தடவ எல்லாரும் சொல்றாங்களேன்னு ஒத்துக்குவோம். அந்தாளு ரெண்டாந்தடவ கேக்கவேயில்ல."

"நேரா தனலட்சுமி அக்கா பக்கம் திரும்பிட்டாரு" என்றார் ராமசாமி.

"அவங்களும் எனக்கெதுக்குங்கன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஆனா வாய் நெறைய வெத்தல. தொறக்க முடியல. சும்மா சிரிச்சாங்க. அவரு எழுதிட்டாரு."

நான் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. ஒரு வாய் வெற்றிலையில் ஒரு பதவி போயிருக்கிறது. கொளஞ்சியும் சிரித்தாள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது அழுதாளாம். ராமசாமி சொன்னார்.

"சரி, நீ ஏன் தலைவி ஆகணும்?" என்று கேட்டேன். நான் ஒளிவுமறைவாகக் கேட்கிற ஆள் இல்லை.

"ஊருக்கு நல்லது செய்யன்னு சொல்லணுமாக்கா? அதுவும் செய்வேன். வெங்காயத்தப் பாதுகாக்க நல்லதா ஒரு கொட்டகை போடணும், திருச்சி புரோக்கர நம்பாம நாமளே வெளிய அனுப்பணும், எல்லாம் மனசுல இருக்கு. தனலட்சுமி அக்கா நல்லவங்கதான், ஆனா எதக் கேட்டாலும் ‘வூட்டுல கேட்டுச் சொல்றேன்’னுதான் வரும். அது ஒரு பக்கம்." பலகையை இப்போதுதான் முதல்முறையாகத் தொட்டாள். "ஆனா நெசத்தச் சொல்லணும்னா, எனக்கு அந்த நாற்காலில ஒக்காரணும்னு ஆசையா இருக்குக்கா. அவ்வளவுதான்."

எத்தனை சங்கத்தில், எத்தனை கூட்டத்தில் இருந்திருக்கிறேன். ஒரு பெண் இப்படி நேராகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எல்லாரும் ‘எனக்கு ஆசையில்லை, மற்றவர்கள் வற்புறுத்தினார்கள்’ என்றுதான் மாலையை வாங்கிக்கொள்வார்கள். வெங்காயம் பார்க்க வந்தவள் அந்த நிமிடத்திலிருந்து தேர்தல் வேலை பார்க்கிறவளாக மாறிவிட்டேன்.

மறுநாள் குரும்பலூருக்குக் கிளம்பினோம். அந்தப் பக்கத்து உறுப்பினர்களின் வெங்காயத்தை எனக்குக் காட்டுவதாகப் பேச்சு. பெரம்பலூரிலிருந்து டவுன் பஸ். நடத்துனர் வந்ததும் நான் பணத்தை நீட்டினேன். அவர் வாங்காமல் சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார்.

"டவுன் பஸ்ல லேடீஸுக்குக் காசு இல்லம்மா."

"நான் மலேசியாங்க. இந்த ஊர்க்காரி இல்லை. காசு வாங்கிக்குங்க."

"மலேசியாவுல இருந்தாலும் லேடீஸ்தானம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போய்விட்டார். பஸ்ஸே சிரித்தது. கூடைக்காரம்மாக்கள், கல்லூரிப் பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று பெண்களால் நிரம்பிய பஸ் அது. எங்கள் ஊரில் கார் இல்லாதவள் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். இங்கே அரை மூட்டை கத்தரிக்காயோடு நினைத்த இடத்துக்குப் போய் வருகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, "காசு மிச்சமாச்சுல்ல, இந்தா கொய்யா" என்று ஒரு பழத்தைக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அடுத்து கொளஞ்சியிடம் நீட்டினார். "வேணாங்க, இப்பதான் சாப்புட்டேன்" என்றாள் கொளஞ்சி.

"பார்த்தியா" என்றேன்.

"என்னக்கா?"

"கொய்யாப் பழத்துக்கே இந்த வாய் ‘வேணாம்’னு சொல்லுதே. வெள்ளிக்கிழமை அதிகாரி கேட்கும்போது என்ன சொல்லும்?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போதே ஓர் ஒப்பந்தம் போட்டோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் யார் எதைக் கொடுத்தாலும் அவள் முதல் தடவையே ‘சரி’ அல்லது ‘குடுங்க’ என்று சொல்ல வேண்டும். காபி, மோர், உட்கார நாற்காலி, எதுவானாலும் சரி. நாக்கைப் பழக்க வேண்டும். வண்டி ஓட்டப் பழகுவது மாதிரிதானே இதுவும்.

குரும்பலூரில் பயிற்சி படுதோல்வி. முதல் வீடு அஞ்சலையுடையது. கொளஞ்சியின் கம்பெனியிலேயே உறுப்பினர், அதிர்ந்து பேசாத பெண். நாங்கள் இருந்த அவ்வளவு நேரமும் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். வீட்டுக்குப் பின்னால் குச்சிகளை நட்டுத் தட்டி கட்டி, மேலே கூரை போட்டு, காற்று உள்ளே புகுந்து வெளியே வருகிற மாதிரி நீளமாக ஒரு பட்டறை. உள்ளே மார்பளவுக்கு வெங்காயம், இளஞ்சிவப்பு மலை. நான் கையை விட்டு அள்ளினேன். உலர்ந்த தோல் சலசலத்தது. எங்கள் கடையில் மூட்டையாகப் பார்த்துப் பார்த்துச் சலித்த பொருள், இங்கே பார்த்தால் நகைக்கடை மாதிரி இருக்கிறது.

அஞ்சலை டீ கொண்டுவந்தாள். "வேணாம் அஞ்சல, உனக்கெதுக்குச் செரமம்" என்றாள் கொளஞ்சி. நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் பல்லைக் கடித்தாள். அதற்குள் அஞ்சலை இரண்டாம் தடவை நீட்டிவிட்டாள். அடுத்த வீட்டில் மோர், அங்கேயும் "வேணாங்க." அதற்கடுத்த வீட்டில் முறுக்கு. "வே…" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, "…ண்டியதுதான், ஆனா இப்ப வேணாம்" என்று முடித்தாள். இந்தப் பெண் மழையில் நனைந்த வெங்காயத்துக்கு மாட்டேன் சொன்னவள். தனக்கு என்று வரும்போது மட்டும் ‘குடுங்க’ என்று சொல்ல நாக்கு புரள மறுக்கிறது.

இன்னொரு கூத்து. ஒரு வீட்டிலும் அவள் ஓட்டுக் கேட்கவில்லை. மழை, விதை, வெங்காய அழுகல், மருமகள் பிரசவம் என்று எல்லாம் பேசினாள். வாசலைத் தாண்டியதும் நான் பொறுமை இழந்தேன்.

"ஓட்டுக் கேளேன்."

"எப்படிக்கா கேக்குறது? பசிக்குது, சோறு போடுன்னு கேக்குற மாதிரி இருக்கு."

"பசிச்சா கேட்கத்தான் வேணும்."

"எங்கம்மா கூலிக்குப் போன வூட்டுல, பசிச்சாலும் கேக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் எங்கள வளத்துச்சு. குடுத்தாலும் ஒடனே வாங்கக் கூடாது. பாக்குறவங்க பறக்குதுங்கன்னு சொல்லிடுவாங்களாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவளைக் கிள்ளவில்லை.

மூன்றாம் நாள் எனக்காக ஒதுக்கப்பட்டது. கங்கைகொண்ட சோழபுரம் பார்க்காமல் போனால் எங்கள் ஊரில் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள். காரணம் இருக்கிறது. என் ஊர் இருப்பது கெடா மாநிலத்தில். அந்தக் காலத்துக் கடாரம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இந்தக் கோயிலைக் கட்டிய ராஜா கப்பலேறி வந்து எங்கள் ஊரை அடித்துப் பிடித்துக்கொண்டு போனவர். ஆக, கொள்ளை போன ஊர்க்காரி, கொள்ளை கொண்டவர் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறேன். அரியலூர் தாண்டி, சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் புழுதி குடித்து, ஜெயங்கொண்டம் வந்து, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே பஸ் போய் நின்றபோது, வயலுக்கு மேலே அந்தக் கோபுரம் தெரிந்தது. கொஞ்ச நேரம் கோபத்தை மறந்துவிட்டேன். அவ்வளவு அழகு.

புல்வெளியில் நின்று கொளஞ்சியிடம் கதையைச் சொன்னேன். பக்கத்து மாவட்டத்தில் இருந்துகொண்டு அவள் கடாரத்தைப் பற்றி யோசித்ததே இல்லையாம்.

"உங்க ஊரு எவ்வளவு தூரம்க்கா?"

"பிளேனில் நாலு மணி நேரம். கப்பலில் அந்தக் காலத்தில் மாதக் கணக்கில் ஆகியிருக்கும்."

"அம்மாந்தொலைவு போறதுக்கு அவரு ‘எனக்கெதுக்குங்க கடாரம், பெரியவங்க எவ்வளவோ பேரு இருக்காங்க’ன்னு சொல்லலியே."

"சொல்லியிருந்தால் எங்கள் ஊர் தப்பித்திருக்கும்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள். ஆனால் அந்தப் பேச்சை அவள் அங்கேயே விட்டுவிடவில்லை என்பது பிறகு தெரிந்தது.

கோயிலின் வடக்குப் பக்கம் படிக்கு அருகில் ஒரு சிற்பம் இருக்கிறது. சிவன் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பார்வதி. காலடியில் ஒரு பக்தர் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார். சிவன் தம் கையாலேயே அவர் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். அங்கே வந்திருந்த ஒருவர், அந்தப் பக்தர் சண்டிகேசுவரர் என்றும், ராஜா தமக்கே மகுடம் சூட்டுகிற மாதிரி நினைத்துச் செதுக்க வைத்தார் என்று சிலர் சொல்வார்கள் என்றும் தம் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கொளஞ்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் தலையைப் பிளந்தது. நான் வா வா என்று இழுத்தேன், அவள் அசையவில்லை.

"இவர பாருங்கக்கா. சாமி மாலைய எடுத்துட்டு வந்திருக்கு. இவரு ‘வேணாம் சாமி’ன்னு கைய நீட்டித் தடுக்கல. தலைய காட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

"ஆமாம்."

"ஆனா பணிவாவும்தான் இருக்காரு."

நான் அந்தச் சிற்பத்தின் படத்தை நூறு தடவை பார்த்திருப்பேன். இப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. சத்தமாகவே "சபாஷ்" என்றேன். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் தம்மைத்தான் பாராட்டுகிறேன் என்று நினைத்துக் கும்பிட்டார்.

திரும்பும்போது ஜெயங்கொண்டம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. ஓட்டுனர் இறங்கி எட்டிப் பார்த்து, நடத்துனரிடம் கையை விரித்தார். அடுத்த பஸ் வரும், இருங்க என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்மா" என்றார்கள். மதிய வெயில், ஒரு புளியமரம், அதன் அடியில் நாங்கள் அத்தனை பேரும். எனக்குக் கோபத்தில் பசி வந்துவிட்டது. எங்கள் ஊரில் பஸ் நின்றிருந்தால் இதற்குள் பத்துப் பேர் சண்டைக்குப் போயிருப்பார்கள். இங்கே இருவர் துண்டை விரித்துப் படுத்தே விட்டார்கள்.

அப்போது ஒரு வேன் எங்களைக் கடந்து போய், நின்று, பின்னால் வந்தது. உள்ளே முழுக்கப் பட்டுப்புடவை. வளைகாப்பு முடிந்து அரியலூருக்குத் திரும்புகிற கூட்டம். கையெல்லாம் கண்ணாடி வளையல், மடியில் சோற்றுத் தூக்குகள். "ரெண்டு பேரா? ஏறுங்க, ஒட்டி ஒக்காந்துக்கலாம்" என்றார் முன்னால் இருந்த அம்மா. நான் ஏறினேன். கொளஞ்சியும் மறுபேச்சில்லாமல் ஏறினாள். நான் அதைக் கவனிக்கவில்லை. பசியில் கவனிக்கிற நிலையில் இல்லை.

வேன் கிளம்பியதும் அந்த அம்மா தூக்கைத் திறந்தார். புளிச்சோற்று வாசனை. "சாப்புடுறீங்களா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"குடுங்க" என்றாள் கொளஞ்சி.

வேனில் யாருக்கும் அது ஒரு செய்தியே இல்லை. அந்த அம்மா இயல்பாக ஓர் இலையைக் கிழித்துச் சோற்றை வைத்து நீட்டினார். கொளஞ்சி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேய் அறைந்த மாதிரி முகம். நான் அவள் தொடையில் ஓங்கி ஓர் அடி கொடுத்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நானும் ஆரம்பித்தேன், புளிச்சோறு மூக்கில் ஏறியது. "என்னாச்சு, காரமா?" என்று அந்த அம்மா பதறித் தண்ணீர் கொடுத்தார். "அதையும் குடுங்க" என்றாள் கொளஞ்சி.

வீட்டுக்கு வந்ததும் ராமசாமியிடம் சொன்னோம். "வூட்டுல எங்கிட்ட எல்லாத்துக்கும் வேணும் வேணும்னு சொல்ற வாய்தான அது, வெளியூரு போய் ஒரு பிடி சோறு கேட்டதுக்கா இந்த ஆட்டம்" என்றார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டேதான் போய் மாட்டை அவிழ்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை கொளஞ்சி எதையும் சாப்பிடவில்லை. இட்லியைப் பிட்டுப் பிட்டு இலையிலேயே வைத்தாள். கிளம்புகிற அவசரத்தில் நான் பெயர்ப்பலகையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கூட்டம் குன்னம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் ஒரு மேசை, பின்னால் யாருடைய கல்யாணத்துக்கோ ஒட்டிய காகிதப் பூ. பின்கட்டில் சாப்பாடு வெந்துகொண்டிருந்தது. எங்கள் சங்கக் கூட்டங்களில் பிஸ்கட்டும் வரக்காப்பியும் கொடுப்பார்கள். இங்கே தேர்தல் என்றால் பாயசம்.

தனலட்சுமியை அங்கேதான் முதல்முறை பார்த்தேன். நல்ல முகம். வந்தவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் கையைப் பிடித்து, "கொளஞ்சி சொல்லிக்கிட்டே இருப்பா உங்களப் பத்தி" என்றார். நான் அவர் வாயைத்தான் பார்த்தேன். இன்றைக்கு வெற்றிலை இல்லை.

இந்தத் தடவை வந்திருந்த அதிகாரியும் அவசரக்காரர்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார். "ஏற்கனவே இருக்கிற தலைவியம்மா, நீங்களே தொடர்றீங்களா?" என்று தனலட்சுமியிடம் கேட்டார்.

"எனக்கெதுக்குங்க சார், அதான் இருந்தாச்சே. வேற யாராச்சும் இருக்கட்டும்" என்றார் தனலட்சுமி. சொல்லிவிட்டு அழகாகத் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது தடவை கேட்பதற்காக.

அதிகாரி, "சரி, அவங்க விலகிக்கிறாங்க" என்று பேனாவைத் திறந்தார்.

போன தடவை கொளஞ்சி விழுந்த குழியில் இன்று தனலட்சுமி தாமாகவே இறங்கிவிட்டார். இனி கொளஞ்சி வாயைத் திறந்து ஒரு ‘சரி’ சொன்னால் போதும். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. தனலட்சுமியின் முகம் நிமிர்ந்தது. அதில் இருந்த திகைப்பைக் கொளஞ்சியும் பார்த்தாள். அவளுக்கு அந்த முகம் தெரியும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபோது அவளுக்கே இருந்த முகம்.

கொளஞ்சி எழுந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

"சார், அத எழுதாதீங்க."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவள் குரல் முதலில் நடுங்கியது.

"அக்கா மரியாதைக்குச் சொல்றாங்க சார். எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். மனசுல வேணும்னு இருக்கும், வாய் வேணாம்னு சொல்லும். போன தடவ நானும் அப்படிச் சொல்லித்தான் ஏமாந்தேன். அவங்களுக்கு வேணும் சார்." மூச்சை இழுத்துக்கொண்டாள். இப்போது நடுக்கம் போயிருந்தது. "எனக்கும் வேணும். அவங்கள விட நான் நல்லா செய்வேன்னு நெனைக்கிறேன். யாரு வேணும்னு மெம்பருங்க கைய தூக்கிச் சொல்லட்டும்."

பின்கட்டில் கரண்டி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. ‘அவங்கள விட நல்லா செய்வேன்’ என்று ஒரு பெண் மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டாள். அலைகிறாள் என்று யாராவது சொல்வார்கள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்படி எவளாவது சொன்னால் நான் மலேசியாக்காரி என்றும் பார்க்காமல் சண்டைக்குப் போவது என்று தீர்மானமாக இருந்தேன்.

தனலட்சுமி மெல்ல எழுந்தார். "ஆமாங்க சார்" என்றார். "எனக்கும் வேணுந்தான்." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பல வருடமாக இறுக்கிப் பிடித்ததை இறக்கிவைத்த மாதிரி இருந்தது அவர் முகம்.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது பின் வரிசையிலிருந்து இன்னொரு குரல்.

"அப்படின்னா எனக்கும் வேணும் சார்."

அஞ்சலை. குரும்பலூர் அஞ்சலை. டீயை நீட்டியதைத் தவிர வாயே திறக்காத அஞ்சலை எழுந்து நின்று முந்தானையைச் சொருகிக்கொண்டிருந்தாள். மண்டபம் வெடித்தது. நாற்காலிகள் சரிந்தன, கை தட்டினார்கள், ஒரு பாட்டி விசில் அடித்தார். அதிகாரி கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "சரி, அப்ப நிஜமாவே தேர்தல் நடத்தணும்" என்றார்.

ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கை தூக்கச் சொன்னார்கள். அஞ்சலைக்கு இரண்டு கை. ஒன்று அவளுடையது. இன்னொன்று யாருடையது என்று அவள் திரும்பித் திரும்பித் தேடினாள். தனலட்சுமிக்கு நிறையக் கைகள், எண்ண ஆரம்பித்து நான் பாதியில் நிறுத்திவிட்டேன். கொளஞ்சி பெயரைச் சொன்னதும் முதலில் உயர்ந்தது கொளஞ்சியின் கைதான். முழங்கை மடங்காமல், காதை ஒட்டி, நேராக. அதன் பிறகு வலதுபக்கம் முழுக்க எழுந்தது, நடுவில் எழுந்தது, சாப்பாட்டுக்கு வந்த இருவர்கூட ஆர்வத்தில் தூக்கி, உறுப்பினர் இல்லை என்று இறக்கப்பட்டார்கள். நானும் தூக்கியிருந்தேன். என்னையும் இறக்கச் சொன்னார்கள்.

அதிக வித்தியாசம் இல்லை. ஆனால் கொளஞ்சிதான். நான் அழுதேன். எனக்கு எதற்கு அழுகை, நான் என்ன இந்த ஊரா என்று கேட்டுக்கொண்டே அழுதேன். கொளஞ்சி அழவில்லை. மேடையேறி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து கொஞ்சம் முன்னால் இழுத்து, சரியாகப் போட்டுக்கொண்டாள். பலகை இல்லாதது யாருக்கும் நினைவில்லை.

பந்தி போட்டார்கள். அஞ்சலைக்கு ஒரு பக்கம் கொளஞ்சி, மறுபக்கம் நான். காலையில் ஒரு வாய் சாப்பிடாத கொளஞ்சி இப்போது பருப்புச் சோறு, ரசம் என்று இறங்கி அடித்தாள். பதவியை விட்ட தனலட்சுமி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு தாமே பாயச வாளியைத் தூக்கி வந்தார். என் இலையில் கேட்காமலே ஊற்றினார். அஞ்சலை இலையில் ஊற்றினார். கொளஞ்சியின் முன்னால் வந்து கரண்டியோடு நின்றார்.

"தலைவி, பாயசம் கொஞ்சம்?"

கொளஞ்சி இலைக்கு மேலே கையை விரித்தாள். "வேணாங்கக்கா, போதும்."

"சரி" என்றார் தனலட்சுமி. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

கொளஞ்சி காலி இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போகிற வாளியைப் பார்த்தாள். பிறகு பந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"அக்கா, வேணும். இங்க வாங்க, எனக்கு வேணும்."